டீக்கன் யோஸ்ட் மேல் படாத தண்ணீர்

மனைவியைச் சபைவிலக்குச் செய்துவிட்டு, அவளையே பக்கத்தில் உட்காரவைத்துக் குதிரைவண்டியில் வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டீக்கன் யோஸ்ட் ப்ரென்னமன் மேல் மட்டும் மழை பெய்யவில்லை. அது ஐம்பத்தெட்டாம் வருஷம், ஏப்ரல் மாதம். ஓஹையோவில் எங்கள் ப்ளம் ரன் பள்ளத்தாக்கில் அந்த வருஷம் ஓட்ஸ் விதைப்பு பிந்திப்போனதற்கு அந்த மழைதான் காரணம். வண்டிக்குக் கூரை கிடையாது. சலோமே தலைத்துணியிலிருந்து காலணி வரைக்கும் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தாள். அவளிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த யோஸ்டின் கறுப்புத் தொப்பியில் பொட்டு ஈரமில்லை. மழை அவருடைய தோளுக்குமேல் வந்ததும் ஒதுங்கி, இரண்டு பக்கமும் இறங்கிப் போயிற்று. கோட்டைக் கழற்றி அவளுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். விலக்கப்பட்டவருக்கு ஒரு பொருளைக் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் அவர்கள் கையிலிருந்து திரும்ப வாங்கக் கூடாது. வீட்டுக்குப் போனதும் கோட்டை எப்படித் திரும்ப வாங்குவது என்ற யோசனையிலேயே வீடு வந்துவிட்டது.

யோஸ்ட் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாருடைய களஞ்சியம் எரிந்தாலும் சுத்தியலோடு முதலில் போய் நிற்கிறவர் அவர். கார், கரண்டு, ரேடியோ எதுவும் வேண்டாம், தாழ்மையே போதும் என்று ஞானஸ்நானத்தில் வாக்குக் கொடுத்த ஜனங்கள் நாங்கள். அந்தத் தாழ்மையில் எங்களில் யாரும் தன்னை முந்திவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டார் யோஸ்ட், கோளாறு அங்கேதான். பொத்தான் ஆடம்பரம் என்று அடுத்தவர் கோட்டில் கொக்கி வைத்திருந்தால் இவர் கோட்டில் வெறும் குண்டூசி. அடுத்தவர் ஜெபத்தில் அரை மணி முழங்காலில் இருந்தால், இவர் எழுந்திருக்கும்போது மற்றவர்கள் வண்டி பூட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் சபையில் டீக்கனுக்கு இரண்டு வேலை. ஒன்று, ஞானஸ்நானத்தில் பிஷப்பின் கையில் தண்ணீர் ஊற்றுவது. இன்னொன்று, தவறு செய்தவர் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து சபையில் சொல்வது. முதல் வேலை வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். இரண்டாவது வேலையை யோஸ்ட் வாரா வாரம் செய்தார். இரும்புச் சக்கரம் மட்டுமே ஓடலாம் என்றிருந்த டிராக்டருக்கு ரப்பர் டயர் போட்டவன், பண்டிகைச் சந்தையில் போட்டோவுக்கு நின்றவள், இப்படி அவருடைய வண்டி வாசலுக்கு வந்தாலே வீட்டிலிருக்கிறவர்கள் தங்கள் தவறுகளை எண்ணிப் பார்க்கத் தொடங்குவார்கள்.

சலோமேயின் தங்கை ஃபேனி, கார் ஓட்ட அனுமதிக்கிற வேறு சபைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். யோஸ்ட் சபையில் சொன்னதன்பேரில் அவளுக்கு ஆயுசுக்கும் விலக்கு. அவளோடு அன்னந்தண்ணி புழங்கக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அந்தக் குளிர்காலத்தில் ஃபேனிக்கு நுரையீரல் காய்ச்சல் வந்து பிழைப்பாளா மாட்டாளா என்று ஆனபோது, சலோமே போய்ப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தவளிடம் யோஸ்ட் ஃபேனியின் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"சாப்பாடு எங்க சாப்பிட்ட? தனி மேசையா?"

"அவளுக்கு உக்காரவே முடியல. கட்டில்லயே சூப்பு ஊட்டினேன். அவ குடிக்க மாட்டேன்னா. 'நீ ஒரு வாய், நான் ஒரு வாய்'னு சொல்லிக் குடிக்க வச்சேன்."

"ஒரே கிண்ணமா?"

"ஒரே கரண்டிதாங்க."

இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதில் அக்கா தங்கை இருவரும் அப்படித்தான் சூப்புக் குடிப்பார்களாம். யோஸ்ட் சிரிக்கவில்லை. திருவிருந்துக்கு முன்னால் நடக்கிற ஆலோசனைக் கூட்டத்தில் எழுந்து நின்று கிண்ணமும் கரண்டியுமான அந்த விஷயத்தைச் சபைக்கு முன்னால் வைத்தார். பிஷப் சைலஸ், "வருத்தம் தெரிவிக்கிறியா சலோமே?" என்று கேட்டார். குரலில் 'தெரிவித்துவிடேன்' என்கிற கெஞ்சல் இருந்தது. "அவ பிழைச்சுட்டா. எப்படி வருத்தப்படுறது?" என்றாள் சலோமே. அதற்குமேல் ஒன்றும் செய்வதற்கில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, "சொந்தப் பொண்டாட்டின்னுகூடப் பாக்கலியேப்பா" என்று யாரோ பின்னால் சொன்னது யோஸ்டின் காதில் விழுந்தது. அது அவருக்கு இனித்தது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. வண்டியில் வரும்போது அதைத்தான் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில்தான் மழை அவரைவிட்டு ஒதுங்கியது.

மழை படாத மனுஷன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சாகிவிட்டது. தேவன் அவரைக் குறித்துவைத்திருக்கிறார் என்றார்கள். யோஸ்ட், "என்னிடத்தில் ஒன்றும் இல்லை, நான் தூசி" என்று தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலை அன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தது. ஜூன் மாதம் புல் அறுப்பில் அவருக்கு மதிப்பு இன்னும் ஏறியது. அறுத்துப் போட்ட புல் நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். யோஸ்டைக் கூட்டிக்கொண்டு போய் வயல் நடுவில் நிறுத்தினால் அவரைச் சுற்றி ஒரு வண்டிப் பாரம் நனையாமல் தப்பியது. அவரைக் கேட்டு அழைப்பு வராத நாள் இல்லை. மழை கொட்டும்போது தொப்பியும் தாடியுமாக நட்டுவைத்த கம்பம் மாதிரி அவர் நிற்பதைச் சாலையில் காரில் போகிற வெளியாட்கள் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நடுவில் மே மாதம் திருவிருந்து வந்தது. திருவிருந்து முடிவில் நாங்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். அதற்கு ஆள் பார்த்துப் பிடிக்கக் கூடாது. வரிசையில் பக்கத்தில் யார் வருகிறாரோ அவரோடுதான். அன்றைக்கு யோஸ்டின் பக்கத்தில் வந்தவர், ரப்பர் டயருக்காக ஒரு பருவம் விலக்கப்பட்டிருந்து மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவந்த ஹார்வி. யோஸ்ட் காலுறையைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்து, ஹார்வியை முன்னால் போகவிட்டு, பிஷப்பின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். எல்லாரும் பார்த்தார்கள். பிஷப் சைலஸ் தொட்டியில் தண்ணீரை எடுத்து அவருடைய காலில் விட்டார். தண்ணீர் பிளந்துகொண்டு விலகி, தொட்டியின் ஓரத்தில் போய் நின்றது. நடுவில் காய்ந்த தகரத்தின்மேல் யோஸ்டின் இரண்டு பாதங்கள் வெள்ளையாக இருந்தன. "கழுவுறதுக்கு ஒண்ணும் இல்லைபோல இருக்கு" என்று யோஸ்ட் மெதுவாகச் சொன்னார். பிஷப் கிழவர் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"கழுவ ஒண்ணுமில்லையா, கழுவ முடியலையான்னு எனக்குத் தெரியல யோஸ்ட்."

பிஷப்புக்கு வயதாகிவிட்டது, பொறாமைப்படுகிறார் என்று யோஸ்ட் எடுத்துக்கொண்டார்.

தண்ணீர் படாத உடம்பு அழுக்காகும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. ஜூலையில் யோஸ்டின் கழுத்து மடிப்பில் மண் படிந்தது. மாட்டுத்தொழுவத்தின் சாணம் விரல் இடுக்குகளில் காய்ந்து கிடந்தது. தவிட்டால் தேய்த்துப் பார்த்தார், மணலால் தேய்த்துப் பார்த்தார். ஆராதனையில் அவருக்கு இரண்டு பக்கத்திலும் பெஞ்சு காலியாக இருக்க ஆரம்பித்தது. தன்மேல் உள்ள பயபக்தியால் ஒதுங்கி உட்காருகிறார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். அந்த மனுஷனை என்னவென்று சொல்வது! ஆகஸ்ட் கடைசியில் ஞானஸ்நானம். பையன்களும் பெண்களும் முழங்காலில் வரிசையாக நிற்க, பிஷப் முதல் பெண்ணின் தலைமேல் இரண்டு கையையும் குவித்து வைத்தார். யோஸ்ட் குவளையைச் சாய்த்தார். தண்ணீர் வரவில்லை. கவிழ்த்தார். குவளைக்குள் தண்ணீர் அப்படியே நின்றது. எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அந்தப் பெண் தன்னிடம்தான் ஏதோ பாவம் இருக்கிறது என்று நினைத்து அழத் தொடங்கிவிட்டாள். பிஷப், "அழாத கண்ணு, உன்மேல ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, குவளையை யோஸ்டின் கையிலிருந்து வாங்கித் தானே ஊற்றினார். தண்ணீர் வந்தது.

அதற்கடுத்த வாரம் குடிக்கிற தண்ணீரும் நின்றுபோயிற்று. குவளையை உதட்டில் வைத்தால் தண்ணீர் எதிர்ப்பக்கச் சுவரில் ஏறிக்கொள்ளும். காபியும் பாலும் ஒன்றிரண்டு நாள் இறங்கின, பிறகு அவையும் உதட்டிலிருந்து உருண்டு தாடியையும் நனைக்காமல் தரையில் விழுந்தன. பீச் பழத்தைக் கடித்தால் வாய்க்குள் சக்கை மட்டும் தங்கியது. கிணறு, ஓடை, மாட்டுத்தொட்டி எல்லாவற்றிலும் முயன்றார். பிஷப் வந்து தன் கையால் ஊட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. ஊரிலிருந்து வந்த டாக்டர் ஊசி வழியாக ஏற்றப் பார்த்தார். குழாயில் மருந்து பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. டாக்டர் ஊசியை மாற்றினார், கையை மாற்றினார், கடைசியில் தன் பையை மூடிக்கொண்டு, இரண்டு மூன்று நாள் தாங்கும் என்று சலோமேயிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் இத்தனை மாதமும் இரண்டு மேசைதான். விலக்கப்பட்டவர் இருக்கிற மற்ற வீடுகளில் இரண்டு மேசைகளை நாலு விரல் இடைவெளியில் போட்டு, மேலே ஒரே துணியை விரித்துவிடுவார்கள். விதியும் நிறைவேறும், பார்க்கவும் ஒரே மேசையாக இருக்கும். யோஸ்ட் அந்தத் துணியை விரிக்க விடவில்லை. சலோமே சமைத்து அவருடைய மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள், அவர் எடுத்துக்கொள்வார். அவள் கையிலிருந்து அவர் கைக்கு ஒரு ஸ்பூன்கூட வந்ததில்லை. இப்போது அவர் சாப்பிடவும் முடியாமல் அடுப்படி நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அவள் தக்காளி கழுவி ஜாடிகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கூடையை எடுக்க அவரைத் தாண்டிப் போகும்போது அவளுடைய ஈரக்கையிலிருந்து ஒரு சொட்டு அவருடைய மணிக்கட்டில் விழுந்தது. விழுந்த சொட்டு ஓடவில்லை. அழுக்கில் ஊறிப் பரவி, அங்கே சின்னதாகத் தோலின் நிறம் தெரிந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். சலோமே ஓடிப்போய் ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு வந்து மேசையில் வைத்தாள். யோஸ்ட் எடுத்தார். தண்ணீர் வழக்கம்போல எதிர்ச்சுவரில் ஏறிக்கொண்டது.

"வச்சா ஓடுது. என் கையிலருந்து வாங்குங்க."

"வாங்கக் கூடாது. உனக்குத் தெரியும்."

"தெரியாம என்ன? நீங்கதான சபையில சொன்னீங்க."

யோஸ்ட் கண்ணை மூடிக்கொண்டார். இது சோதனை என்று அவருக்குப் பட்டது. கடைசி மணி நேரத்தில் பிசாசு பெண்டாட்டி கையில் குவளையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். மறுநாளும் அவர் வாங்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செத்தாலும் வளையாதவன் என்று தன் அடக்க ஆராதனையில் பேசுவார்கள் என்ற நினைப்பு வந்தது. பெட்டிக்குள் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல ஒரு சுகம்கூட இருந்தது. பிஷப் சைலஸை வரவழைத்து, விதியில் ஏதாவது வழி உண்டா என்று கரகரத்த குரலில் கேட்டார்.

"பொண்டாட்டி கையில தண்ணி குடிக்க என்கிட்டயா அனுமதி கேக்கற? நான் குடுக்க முடியாதுடா. குடுத்தா, நீ வெளியில அனுப்பின அத்தனை பேருக்கும் நான் பதில் சொல்லணும்." கிழவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நான் என் குதிரைக்குத் தண்ணி காட்டப் போறேன். திரும்பிவர நேரமாகும். இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

அவர் வெளியே போய்விட்டார். யோஸ்ட் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பிஷப் பார்க்காவிட்டால் என்ன, டீக்கன் பார்க்கிறானே. சலோமே குவளையோடு நின்றாள்.

"வாங்குனா நானே என்னைப் பத்திச் சபையில சொல்லணும்."

"சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அப்படியே தரையில், அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க செத்துருவீங்க. ஒரு தப்பும் பண்ணாம, ரொம்பச் சரியா செத்துருவீங்க. அப்புறம் நான் யாருக்குச் சமைக்கிறது? உங்க மேசையப் பாத்துக்கிட்டு என் மேசையில உக்காந்திருக்கணுமா? என்னால முடியாது. வேணாங்க."

யோஸ்ட் எவ்வளவோ யோசித்திருந்தார், விதியை யோசித்தார், பிசாசை யோசித்தார், தன் அடக்கத்தைக்கூட யோசித்தார். இத்தனை செய்த பிறகும் புருஷன் பிழைத்திருக்க வேண்டுமென்று இவள் ஆசைப்படுவாள் என்பது மட்டும் அவருடைய யோசனையில் வந்ததே இல்லை. மழையில் நனைந்துகொண்டு அவள் வந்த அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. கோட்டைக் கொடுத்திருக்கலாம். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமலே இருந்திருக்கலாம், ஒரு கோட்டுதானே! வெட்கம் அவருக்கு வயிற்றிலிருந்து கிளம்பி முகம்வரை வந்தது. கையை நீட்டினார். அவள் குவளையை மேசையில் வைக்காமல் அவருடைய விரல்களுக்குள் வைத்து, தன் கையையும் எடுக்காமல் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் உள்ளே இறங்கியது. குவளை காலியான பிறகு அவர் அழுதார். அந்தக் கண்ணீரும் எங்கேயும் ஒதுங்காமல் கன்னத்து அழுக்கில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் சலோமே வெந்நீர் போட்டு, ஏப்ரலிலிருந்து சேர்ந்த அழுக்கைத் தேய்த்துக் கழுவினாள். அழுக்குத் தண்ணீரைப் பின்வாசலில் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அக்டோபரில் அடுத்த ஆலோசனைக் கூட்டம் வந்தது. யோஸ்ட் எழுந்து, விலக்கப்பட்டவள் கையிலிருந்து தான் தினமும் வாங்கிக் குடிப்பதாகச் சொன்னார். வருத்தம் தெரிவிக்கிறாயா என்று பிஷப் கேட்டார். "அதுக்கு வருத்தமில்ல. மத்த எல்லாத்துக்கும் வருத்தப்படுறேன்" என்றார். மற்றது எது என்று யாரும் விவரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாயங்காலம் ஆகியிருக்கும். எதற்கு வருத்தம் கேட்டார்களோ அதற்கு அவர் வருந்தவில்லை என்பதால் சபை அவரையும் விலக்கியது. விலக்கப்பட்ட இருவர் ஒருவரோடு ஒருவர் சாப்பிடக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. அன்றைக்கு மத்தியானம் ப்ரென்னமன் வீட்டில் கோழியும் நூடுல்ஸும் ஒரே மேசையில் பரிமாறப்பட்டன. இன்னொரு மேசை விதை உருளைக்கிழங்கு பரப்பிவைக்கப் பயன்பட்டது.

அதற்காகத் தண்ணீர் பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சலோமேயின் கையிலிருந்து வந்தால் மட்டும் தண்ணீர் அவரிடம் தங்கியது. மற்றபடி மழை அவரைவிட்டு ஒதுங்கித்தான் போயிற்று. அடுத்த கோடையில் அறுத்துப் போட்ட புல் நனைந்தது. விலக்கப்பட்டவரிடம் ஒத்தாசை வாங்கக் கூடாது என்பதால் அவரை யாரும் வயலில் நிறுத்தவில்லை. அவர் தன் வேலியோரத்தில் நனையாமல் நின்றுகொண்டு, ஊர்ப் புல்லெல்லாம் கெடுவதைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார். பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு வாய்த் தண்ணீரையும் அவர் பெண்டாட்டி கையில்தான் குடித்தார். வயலில் உழுகிறபோது தாகமெடுத்தால் கலப்பையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வருவார். அவளுக்குக் கோபம் வந்தால், "கேளுங்க, இன்னும் கொஞ்சம் மரியாதையா கேளுங்க" என்பாள். கேட்பார். இருவரும் ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதலில் எழுந்து வெளியே போனார்கள். பிஷப் சைலஸ் செத்துப் போனார், புது பிஷப் வந்தார், அந்தப் பெஞ்சு அப்படியே இருந்தது.

எழுபதாம் வருஷம் மார்ச்சில் சலோமே தூக்கத்திலேயே போய்விட்டாள். அடக்கத்தன்று தூறல். குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் நனைந்தார்கள், அழுதுகொண்டிருந்த யோஸ்ட் மட்டும் நனையவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து அவர் வாயில் தண்ணீர் போகவில்லை. புது பிஷப் கொடுத்த குவளையும், பக்கத்து வீட்டுப் பெண்கள் கொடுத்த குவளையும் பயன்படவில்லை. யோஸ்ட், "பரவாயில்ல, விடுங்க. நான் சம்பாதிச்சதுதான்" என்று சொல்லிவிட்டார். அவரும் நாலைந்து நாளில் போய்விடுவார், இன்னொரு குழி வெட்ட வேண்டியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்போது கல்லறைத் தோட்டத்து வெளிவாசலில் நின்ற காரிலிருந்து ஃபேனி இறங்கி வந்தாள். தலை நரைத்திருந்தது. யாரும் அவளுக்கு வழிவிடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. கையிலிருந்த பிளாஸ்கைத் திறந்து மூடியில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"இந்தாங்க அத்தான்."

இருபது வருஷமாக அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. அந்த மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன் கையிலயா?"

"ஏன், என் கையில சொறியா சிரங்கா? குடிங்க. அக்கா முன்னாடியே சொல்லி வச்சிருந்தா, உங்களப் பாத்துக்கச் சொல்லி."

குடித்தார். தண்ணீர் தங்கியது. ஃபேனியின் வீடு முப்பது மைல் தள்ளி, தினமும் வர முடியாது. மறுநாள், ரேடியோ வாங்கியதற்காக யோஸ்ட் வெளியேற்றிய ஆல்வின் எதற்கோ அந்தப் பக்கம் வந்தவன், நின்று யோசித்துவிட்டுக் கிணற்றிலிருந்து மொண்டு கொடுத்துப் பார்த்தான். அதுவும் தங்கியது. "எனக்கு இன்னும் உங்கமேல கோபந்தான்" என்றான். "குடிங்க." அப்படித்தான் விஷயம் எங்களுக்குப் புரிந்தது. அவர் வெளியேற்றிய மற்றவர்களில் சிலர் கேள்விப்பட்டதும் வந்தார்கள். சிலர் செத்தால் சாகட்டும் என்று சொல்லி, பிறகு வந்தார்கள். ஒருத்தி கடைசிவரை வரவில்லை, அவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் இல்லை. வந்தவர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். காலையில் ஒருவர் கார் வாசலில் நிற்கும், சாயங்காலம் இன்னொருவர் கார் நிற்கும். கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடிப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. யோஸ்ட் ப்ரென்னமன் அதன்பிறகு பத்து வருஷம் இருந்தார். தண்ணீருக்குக் குறை வரவில்லை. டீக்கனாக இருந்த காலத்தில் அவர் வெளியே அனுப்பியவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏராளமாக இருந்தார்கள்.